பிரிட்டனின் ஆதி வரலாறு: எந்தக் கண்டெடுப்புப் பதிவிலிருந்து தொடங்குவது?

ரோமானிய பிரிட்டன், ஆங்கிலோ-சாக்சன் அரசுகள், வைக்கிங் படையெடுப்பு என ஏதோ ஒன்றில் தலைப்பை முடிவு செய்துவிட்டீர்கள். தரவு இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. பிறகும் பலர் முதல் வாரத்திலேயே தடுக்கி விழுகிறார்கள். ஒரே ஊரைத் தேடினால் ஒரு தளத்தில் முந்நூறு பொருள்கள் வருகின்றன, இன்னொன்றில் நான்கு, வேறொன்றில் ஒன்றுமே இல்லை. எதை நம்புவது?

இந்தக் காலத்துக்கு எழுத்துச் சான்று மிகக் குறைவு. கி.பி. 410-ஐ ஒட்டி ரோமானிய ஆட்சி விலகியபின், ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளுக்கு உள்நாட்டில் எழுதப்பட்டு நமக்குக் கிடைத்திருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. மண்ணிலிருந்து வந்த பொருள்களைப் பேச வைப்பதைத் தவிர வழியில்லை. அந்தப் பொருள்கள் பதிவாகியிருக்கும் இடங்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம்: பொதுமக்கள் கண்டெடுத்ததைப் பதியும் பிஏஎஸ் எனும் போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம், கவுண்டி எனப்படும் மாவட்டந்தோறும் உள்ள எச்இஆர் எனும் ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ரெக்கார்ட், அகழாய்வு நிறுவனங்களின் அறிக்கைகள், நாணயங்களுக்கான தனித் தொகுப்புகள்.

## முதலில் அளவுகோல்

எல்லோரும் முதலில் கேட்பது "எதில் அதிகப் பதிவு இருக்கிறது?" என்பதுதான். அது கடைசியாகக் கேட்க வேண்டியது. கீழ்க்கண்டவற்றை அதற்கு முன் கேளுங்கள்.

வெறுமை. வரைபடத்தில் ஓர் இடம் காலியாக இருந்தால் அதற்கு என்ன பொருள்? அங்கே மக்கள் இல்லையா, அல்லது அங்கே யாரும் தேடவில்லையா? நான்கு பதிவு வகைகளிலும் இந்தக் காலி இடத்துக்கு நான்கு வெவ்வேறு பொருள். தவறான முடிவுகள் பெரும்பாலும் இங்கேதான் முளைக்கின்றன.

இடத்துல்லியம். பொருள் கிடைத்த இடம் ஒரு மீட்டருக்குள் தெரியுமா, ஒரு கிலோமீட்டருக்குள் தெரியுமா, அல்லது ஊர்ப் பெயர் மட்டுமா?

காலக்கணிப்பின் அடிப்படை. பொருளின் வடிவத்தைப் பார்த்துச் சொன்ன காலமா, மண்ணடுக்கை வைத்துச் சொன்னதா, கார்பன் கணிப்பா, நாணயம் அச்சிட்ட ஆண்டா?

செலவு. பணம் பெரும்பாலும் ஒரு பொருட்டல்ல. காத்திருக்கும் நாள்களும் தரவைச் சுத்தம் செய்யும் நாள்களும்தான் உண்மையான செலவு.

## பிஏஎஸ்: பொதுமக்கள் கண்டெடுத்தவை

1997-இல் சில பகுதிகளில் சோதனையாகத் தொடங்கி, 2003-இல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதற்கும் விரிந்த திட்டம் இது. இங்கிலாந்தில் பிரிட்டிஷ் மியூசியம் நடத்துகிறது. வேல்ஸில் அந்நாட்டு அருங்காட்சியகம் பார்த்துக்கொள்கிறது. கவுண்டிகளில் இருக்கும் ஃபைண்ட்ஸ் லயசன் அலுவலர்கள், மெட்டல் டிடெக்டர் வைத்து வயல்களில் தேடுவோரிடமிருந்து பொருளை வாங்கி, எடை போட்டு, படம் எடுத்து, பதிந்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார்கள். 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியுள்ளன. பார்க்கக் கட்டணமில்லை; தரவை சிஎஸ்வி கோப்பாக இறக்கிக்கொள்ளலாம்.

சட்டத்தின் பங்கை இங்கே புரிந்துகொள்ள வேண்டும். 1996-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 300 ஆண்டுக்கு மேல் பழைய, எடையில் 10 சதவீதமாவது பொன்னோ வெள்ளியோ உள்ள பொருளை 14 நாளுக்குள் கரோனர் எனப்படும் விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். நாணயமானால் ஒரே இடத்தில் இரண்டு கிடைத்தால்தான் கட்டாயம். செம்பு போன்ற மலிந்த உலோகமானால் பத்து. 2023-இல் தனிச்சிறப்பான வரலாற்று மதிப்புள்ள 200 ஆண்டுப் பழைமைப் பொருள்களும் சேர்ந்தன. ஆகவே ஒற்றை ரோமானிய வெள்ளி நாணயம், வெண்கல ப்ரூச் (உடையைக் கோக்கும் அலங்கார ஊசி), வார்நுனித் தகடு ஆகியவற்றைத் தெரிவிப்பது கண்டெடுத்தவரின் விருப்பம். பொன் பொருள்கள் பெரும்பாலும் பதிவாகும், செப்புக் கலவையில் ஒரு பகுதிதான் பதிவாகும் என்ற கணக்கோடு படியுங்கள்.

இதன் பலம் பரப்பு. எந்த அகழாய்வு நிறுவனமும் நாடு முழுக்க உழவு மண்ணைச் சலித்துப் பார்க்காது. ஒரு வகை ப்ரூச் எங்கெங்கே பரவியது, அதன் எல்லை எந்த ஆற்றில் நிற்கிறது என்ற கேள்விக்கு இதற்கு இணை வேறில்லை.

பலவீனமும் அந்தப் பரப்புக்குள்ளேயே இருக்கிறது. டிடெக்டர் ஓடுவது உழுத நிலத்தில். நார்ஃபோக், சஃபோக், லிங்கன்ஷயர் போன்ற கிழக்குக் கவுண்டிகளில் தானிய வயல் அதிகம். போதாக்குறைக்கு நார்ஃபோக்கில் 1970-களின் கடைசியிலிருந்தே தொல்லியலாளர்களும் டிடெக்டர்காரர்களும் கைகோத்து வேலை செய்தார்கள். காடு, மேட்டு மேய்ச்சல் நிலம், நகரம், ராணுவ நிலம் ஆகியவற்றில் பதிவு விழாது. பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் அனுமதியின்றி டிடெக்டர் பயன்படுத்துவதே 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வேடிக்கை என்னவென்றால், மிக முக்கியமான இடங்கள் என்று அரசே பட்டியலிட்டவைதான் இந்தத் தரவில் காலியாகத் தெரியும்.

பொருள் வகையிலும் சாய்வு உண்டு. வயலில் ஆணியும் கலப்பைத் துண்டும் ஏராளம் என்பதால் பலர் கருவியில் இரும்பை ஒதுக்கிவிட்டுத்தான் தேடுவார்கள். கத்தி, ஈட்டி முனை எல்லாம் அதோடு போய்விடும். பானை ஓடு, எலும்பு, கண்ணாடி கருவிக்குக் கேட்பதே இல்லை.

5, 6-ஆம் நூற்றாண்டுகளில் இந்தச் சாய்வு பெரிய பள்ளமாகிறது. கிழக்கே ஆங்கிலோ-சாக்சன் பெண்கள் வெண்கல ப்ரூச்சுகளோடு புதைக்கப்பட்டார்கள். கலப்பை அந்தக் கல்லறைகளைக் கீறக் கீறப் பொருள்கள் மேலே வருகின்றன. மேற்கே பிரிட்டன்கள் எனும் பூர்வகுடிகள் ஆண்ட பகுதிகளில் அப்படிப் புதைக்கும் வழக்கம் இல்லை. பல இடங்களில் பானை செய்வதே நின்றுபோயிருந்தது. பிஏஎஸ் வரைபடத்தில் மேற்கு வெறிச்சோடிக் கிடக்கும். ஆனால் கார்ன்வால் கடற்கரையில் டின்டேஜல் பாறையில் அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து ஒயினும் எண்ணெயும் கொண்டுவந்த சாடிகளின் ஓடுகள் குவியலாகக் கிடைத்தன. அங்கே ஆளும் இருந்தார்கள், செல்வமும் இருந்தது. டிடெக்டருக்குத்தான் அது காதில் விழவில்லை.

### இறக்கிய கோப்பை அப்படியே வரைபடத்தில் போடாதீர்கள்

மறைசெலவு இங்கேதான் இருக்கிறது. ஒரு கவுண்டியின் தரவுக்குக் குறைந்தது ஒரு வாரச் சுத்திகரிப்பு வேலை உண்டு.

முதலில், இறக்கிய தேதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதி, மூலக் கோப்பைத் தொடாமல் வையுங்கள். பதிவுகள் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும்; அடுத்த மாதம் அதே தேடல் வேறு எண்ணிக்கை தரும்.

அடுத்து, பதிவு எண்ணின் முன்னொட்டைப் பாருங்கள். அது பெரும்பாலும் பதிந்த அலுவலகத்தைக் குறிக்கும். ஆனால் சிசிஐ என்று தொடங்குபவை ஆக்ஸ்ஃபோர்டின் கெல்டிக் நாணய அட்டவணையிலிருந்து மொத்தமாக ஏற்றப்பட்டவை. ஐஏஆர்சிடபிள்யூ என்று தொடங்குபவை வேல்ஸின் இரும்புக்கால, ரோமானிய நாணயங்களைத் தொகுத்த தனித் திட்டத்தின் தரவு. 50,000-க்கும் மேற்பட்ட நாணயங்கள் அதில் உண்டு. அகழாய்வுகளிலும் குவியல்களிலும் கிடைத்தவை அதில் ஏராளம். ஐஏஆர்சிஎச் என்பது நாணயக் குவியல்களின் சுருக்கப் பதிவு. இவற்றைப் பிரிக்காமல் எண்ணினால், வேல்ஸில் டிடெக்டர்காரர்கள் நாணயமாக வாரிக் குவித்ததுபோல் ஒரு மாயத் தோற்றம் வரும்.

வரிசைகளை எண்ணாமல் எண்ணிக்கைப் பத்தியைக் கூட்டுங்கள். ஒரு வரிசை ஒரு நாணயமாகவும் இருக்கலாம், ஐம்பது ஓடுகளாகவும் இருக்கலாம்.

காலப் பெயரில் கவனம் வேண்டும். 410 முதல் 1066 வரை பிஏஎஸ்ஸில் "ஆரம்ப இடைக்காலம்". "ஆங்கிலோ-சாக்சன்" என்றோ "வைக்கிங்" என்றோ மட்டும் தேடினால் பெரும்பகுதி கைநழுவும். பொருளின் உலோகத்தையும் வெண்கலம் என்று தேடாமல் செப்புக் கலவை என்று தேட வேண்டும்.

கால எல்லையின் அகலமும் பார்க்க வேண்டியது. தேய்ந்துபோன ரோமானிய ப்ரூச் துண்டுக்கு 43–410 என்றுதான் போட்டிருப்பார்கள். அதை 43-லேயோ நடுவிலேயோ வைப்பது தவறு. 367 ஆண்டுகளிலும் சமமாகப் பங்கிட்டால், ஒவ்வோர் 50 ஆண்டுக்கும் 0.14 பொருள் என்று வரும். அப்படிக் கூட்டினால்தான் காலக்கோடு நேர்மையாக இருக்கும். எழுத்தழிந்த பிற்கால ரோமானியச் செப்புக் காசுகளுக்கு 260–402 என்று இருப்பதையும் இதே முறையில் நடத்துங்கள்.

வரைபடத்தில் இடத்தைக் குறிக்கும் கட்ட எண் விஷயத்தில் அநேகமாக எல்லோரும் ஒருமுறையாவது ஏமாறுகிறார்கள். பொதுமக்களுக்குக் காட்டப்படுவது அதிகபட்சம் நான்கிலக்க எண். அதாவது ஒரு கிலோமீட்டர் சதுரம். டிஎஃப் 1234 என்ற எண்ணை மென்பொருள் 512000, 334000 என்று மாற்றும். அது சதுரத்தின் தென்மேற்கு மூலை. இரண்டோடும் 500 சேர்த்தால்தான் நடுப்புள்ளி. இதைச் செய்யாவிட்டால் ஆற்றங்கரைப் பொருள்கள் ஆற்றின் அக்கரைக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். க்யூஜிஐஎஸ் எனும் வரைபட மென்பொருளில் ஆய அமைப்பை பிரிட்டிஷ் தேசியக் கட்டம், இபிஎஸ்ஜி 27700 என்று வையுங்கள். உலகளாவிய ஜிபிஎஸ் ஆயத்தோடு சரியான மாற்றமின்றிக் கலந்தால் 100 மீட்டர் அளவுக்கு நகரும். ஆறிலக்க எண் 100 மீட்டர், எட்டிலக்கம் 10 மீட்டர். அவை வேண்டுமானால் ஆய்வு நோக்கத்தை விளக்கி விண்ணப்பிக்க வேண்டும். கிடைத்தாலும் துல்லிய இடத்தை அச்சில் வெளியிட முடியாது. அதனால் ஆய்வேட்டு வரைபடங்களை முதலிலேயே கிலோமீட்டர்ச் சதுர அளவில் திட்டமிடுவது புத்திசாலித்தனம்.

கடைசியாக, எண்ணிக்கையை ஒப்பிடாமல் விகிதத்தை ஒப்பிடுங்கள். பாரிஷ் எனும் ஊர் வட்டம் ஒன்றில் எல்லாக் காலத்துக்குமாக 400 பொருள்கள், அவற்றில் ஆரம்ப இடைக்காலம் 20 என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துப் பாரிஷில் 40-க்கு 6. முதலாவது பெரிதாகத் தெரியும், ஆனால் அது 5 சதவீதம், இரண்டாவது 15. முதல் பாரிஷில் டிடெக்டர்காரர்கள் ஒரு வார இறுதியில் கூட்டமாக வந்து தேடியிருக்கலாம். தேடலின் தீவிரம் ஓரளவு கழிவது விகிதத்தில்தான்.

## எச்இஆர்: கவுண்டியின் நினைவேடு

இங்கிலாந்தில் 80-க்கும் மேற்பட்ட எச்இஆர்கள் உள்ளன. கவுண்டி கவுன்சில், நகராட்சி, தேசியப் பூங்கா என அந்தந்த உள்ளாட்சி நடத்துகிறது. வீடு கட்ட அனுமதி கேட்டு வரும் மனுக்களுக்குப் பதில் சொல்வதற்காக வளர்க்கப்பட்ட பதிவு இது என்பதை மறக்கக் கூடாது. வானிலிருந்து எடுத்த படத்தில் தெரியும் பயிர்த்தடம், இடிந்த சுவர், 19-ஆம் நூற்றாண்டில் பாதிரியார் ஒருவர் கண்டெடுத்த தாழி, நேற்று தோண்டிய சோதனைக் குழி எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும்.

ஓர் ஊரின் வரலாறுதான் உங்கள் கேள்வி என்றால் இங்கிருந்து தொடங்குங்கள். 1997-க்கு முன் கிடைத்தவை பெரும்பாலும் இங்குதான். இன்னொரு மதிப்பு, "நிகழ்வு" என்ற தனிப் பதிவு வகை. இந்த இடத்தில் 2004-இல் தோண்டினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை என்றும் அதில் எழுதியிருக்கும்.

சிக்கல்கள் மூன்று. பழைய கண்டெடுப்புகளின் சரியான இடம் தெரியாதபோது ஊர் நடுவிலோ பாரிஷின் மையப் புள்ளியிலோ குறித்துவிடுவார்கள். வரைபடத்தில் தேவாலயத்தைச் சுற்றி ரோமானிய நாணயங்கள் மொய்த்துக் கிடந்தால், அங்கே கோயில் இருந்தது என்று கிளம்பிவிடாதீர்கள். குமாஸ்தா ஒருவர் ஊசி குத்திய இடமாக இருக்கலாம். இரண்டாவது, கவுண்டிக்குக் கவுண்டி எழுதும் முறை மாறும்: ஒரே குடியிருப்பு ஓரிடத்தில் ஒரு பதிவாகவும் மற்றோரிடத்தில் ஏழு பதிவாகவும் இருக்கும். கவுண்டி எல்லையைத் தாண்டி எண்ணிக்கையை ஒப்பிட்டால், தெரியும் வித்தியாசம் பழங்காலத்தினுடையதா, அலுவலகத்தினுடையதா என்று பிரிக்க முடியாது. ஆக்ஸ்ஃபோர்டின் இங்லெய்ட் திட்டம் 2011 முதல் 2016 வரை, கி.மு. 1500 தொடங்கி 1086 வரையான இங்கிலாந்து முழுவதன் தரவையும் ஒன்றுசேர்த்தபோது, இந்த முரண்களைச் சமாளிப்பதே வேலையின் பெரும்பகுதியானது. மூன்றாவது, பல எச்இஆர்கள் தம் பகுதி பிஏஎஸ் தரவையும் உள்வாங்கியிருக்கின்றன. இரண்டையும் கூட்டினால் ஒரே ப்ரூச் இரண்டாகும்.

ஹெரிடேஜ் கேட்வே என்ற பொது வாயில் வழியே பல எச்இஆர்களை ஒரே நேரத்தில் தேடலாம். ஆனால் எல்லா எச்இஆரும் அதில் இல்லை. அங்கே தெரிவது பெரும்பாலும் சுருக்கம்தான். வேல்ஸுக்கு ஆர்க்விலியோ உண்டு. முழுத் தரவு வேண்டுமென்றால் அந்தந்த அலுவலருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள்: கேள்வி, பரப்பு, காலம், எந்தக் கோப்பு வடிவம், எதற்குப் பயன்படுத்தப்போகிறீர்கள் என்பதை ஐந்து வரியில். வணிகத் தேடலுக்குக் கட்டணம் உண்டு. மாணவர்க்கும் தனி ஆர்வலர்க்கும் பெரும்பாலும் வாங்குவதில்லை. பதில் வரச் சில வாரங்கள் ஆகலாம் என்று கால அட்டவணையில் இடம் விடுங்கள்.

## அகழாய்வு அறிக்கைகள்: மெதுவானது, ஆழமானது

1990 நவம்பரில் இங்கிலாந்தில் பிபிஜி 16 என்ற திட்டமிடல் வழிகாட்டுதல் வந்தது. கட்டுபவரே தொல்லியல் செலவை ஏற்க வேண்டும் என்றானதும் அகழாய்வுகள் பெருகின. அறிக்கைகளில் பெரும்பாலானவை நூலாக அச்சேறவில்லை. யார்க் பல்கலைக்கழகத்தில் 1996-இல் தொடங்கிய ஆர்க்கியாலஜி டேட்டா சர்வீஸ் அவற்றைப் பல்லாயிரக்கணக்கில் இலவசமாக வைத்திருக்கிறது.

நான்கு வகைகளில், "தேடினோம், இல்லை" என்று ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியது இது ஒன்றே. பொருள் எந்த அடுக்கில், எந்தக் குழியில், எதனோடு சேர்ந்து கிடைத்தது என்பதும் இங்கே மட்டும்தான் தெரியும். பானை, விதை, எலும்பு, கட்டட அடித்தளம் எல்லாம் உண்டு.

எனினும் அறிக்கையின் வகையை முதல் பக்கத்திலேயே பாருங்கள். மேசை ஆய்வு என்றால் யாரும் தோண்டவேயில்லை. சோதனைக் குழி மதிப்பீடு என்றால் நிலத்தில் 2 முதல் 5 சதவீதம்தான் திறந்திருப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு ஹெக்டேரில் 4 சதவீதம் என்பது 400 சதுர மீட்டர்; 30 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலமுள்ள குழி 54 சதுர மீட்டர். ஆக ஏழெட்டுக் குழிகள். ஆரம்ப ஆங்கிலோ-சாக்சன் காலத்துக் குழிவீடு நான்கு மீட்டருக்கு மூன்று மீட்டர்தான் இருக்கும். ஏழெட்டுக் குழிகளுக்கு நடுவே அது ஒளிந்துகொள்வது வெகு எளிது. ரோமானியப் பண்ணை மாளிகையான வில்லாவின் கற்சுவர் தப்பாது. சாக்சன் குடிசை தப்பிவிடும். ஆகவே மதிப்பீட்டு அறிக்கையின் "ஒன்றுமில்லை"-யும் முழு அகழாய்வின் "ஒன்றுமில்லை"-யும் ஒன்றல்ல.

இன்னொன்று அதிகம் பேசப்படுவதில்லை. அகழாய்வில் முதல் வேலையாக இயந்திரம் உழவு மண்ணை வழித்து ஓரமாகக் கொட்டிவிடும். பிஏஎஸ் பொருள்கள் கிடைப்பது அந்த மண்ணில்தான்! வழிப்பதற்கு முன்னும் பின்னும் டிடெக்டர் ஓட்டினார்களா என்று அறிக்கையின் செயல்முறைப் பகுதியில் தேடுங்கள். ஓட்டவில்லையென்றால் அந்த இடத்தில் நாணயம் இல்லை என்பதற்கு எடை கிடையாது.

மண்ணும் பொருளைத் தின்னும். சஃபோக்கின் அமில மணலில் எலும்பு நிற்காது. சட்டன் ஹூ புதைமேடுகளில் பல உடல்கள் மணலில் கறையாகத்தான் எஞ்சின. கார்பன் கணிப்பும் எல்லாக் காலத்துக்கும் ஒன்றுபோல் உதவாது: கி.மு. 800 முதல் 400 வரை, கார்பன் அளவை ஆண்டாக மாற்றும் திருத்தக் கோடு தட்டையாக ஓடுவதால், ஆரம்ப இரும்புக்காலத்தில் நானூறு ஆண்டு அகலமான விடைதான் வரும்.

நேரத்தைப் பொறுத்தவரை, ஓர் அறிக்கையிலிருந்து பயனுள்ள தரவை எக்செலில் ஏற்ற அரை நாள் வைத்துக்கொள்ளுங்கள். நூறு அறிக்கை என்றால் அது ஒரு பருவம். ரோமானியக் கிராமப்புறம் உங்கள் தலைப்பானால் அந்தப் பாடு வேண்டாம். ரெடிங் பல்கலைக்கழகமும் கூட்டாளிகளும் 3,600-க்கும் மேற்பட்ட பதிவுகளைச் சலித்து, பயிர், விலங்கு, கட்டட வகை, பொருள் வாரியாக அட்டவணையாக்கி அதே தளத்தில் வைத்திருக்கிறார்கள். அதை விட்டுவிட்டுத் தனியாக உழைப்பது வீண்.

## நாணயத் தொகுப்புகள்: குறுகியது, கூர்மையானது

கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் மியூசியம் நடத்தும் இஎம்சி எனும் ஆரம்ப இடைக்கால நாணயத் தொகுப்பு, 410 முதல் 1180 வரையான நாணயங்களின் ஒற்றைக் கண்டெடுப்புகளைத் தொகுக்கிறது. ரோமானியருக்கு முந்தைய காலத்துக்கு, ஆக்ஸ்ஃபோர்டில் 1960-களின் தொடக்கத்தில் அட்டைகளாகத் தொடங்கிய கெல்டிக் நாணய அட்டவணை இருக்கிறது.

நாணயம் தன் மேலேயே பெயரைச் சுமந்து வரும் சான்று. தென் இங்கிலாந்தின் இரும்புக்கால அரசன் ஒருவனை, முழுப் பெயர் தெரியாமல், அறிஞர்கள் நெடுங்காலம் டின்கொம்மியஸ் என்று எழுதிவந்தார்கள். 1996-இல் ஹாம்ப்ஷயரின் ஆல்டனில் கிடைத்த நாணயங்களில் முழுப் பெயர் இருந்தது: டின்கொமாரஸ். அதோடு பழைய பெயர் போயிற்று. ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் வாட்லிங்டனில் 2015-இல் கிடைத்த குவியல் இன்னும் பெரிய கதை. வெசெக்ஸ் அரசன் ஆல்ஃபிரட், மெர்சியா அரசன் இரண்டாம் சியோல்வுல்ஃப் இருவரும் ஒரே வடிவ நாணயத்தை வெளியிட்டிருக்கிறார்கள். வெசெக்ஸ் சார்பாக எழுதப்பட்ட ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பு சியோல்வுல்ஃபை அறிவற்ற கையாள் என்று ஒதுக்கியிருந்தது. நாணயமோ இருவரும் சமமாகக் கூட்டு வைத்திருந்ததைக் காட்டுகிறது. கண்டவர் உடனே தெரிவித்ததால் அலுவலர் வந்து மண்ணோடு கட்டியாகப் பெயர்த்து எடுத்தார்.

அதே ஆண்டு ஹெரிஃபோர்ட்ஷயரின் லெம்ஸ்டர் அருகே இதே காலத்துக் குவியல் ஒன்று கிடைத்தது. கண்டவர்கள் மறைத்து விற்றார்கள். சுமார் 300 நாணயங்கள் இருந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது; 2019-இல் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டபோது மீட்டிருந்தவை 30 சொச்சம். அந்தக் குவியல் சொல்லியிருக்கக்கூடியதில் பெரும்பகுதி இனி எந்தத் தரவுத்தளத்திலும் ஏறாது.

நாணயத் தொகுப்பின் மறைசெலவு இதன் தொடர்ச்சிதான். வியாபாரிகள், ஏலப் பட்டியல்கள் வழியே வந்த நாணயங்களும் தொகுப்பில் உண்டு. "நார்ஃபோக்", "கோல்செஸ்டர் அருகே" என்பதெல்லாம் இடமல்ல. சர்ரேயின் வான்பரோ ரோமானியக் கோயில் 1980-களில் இரவுத் திருடர்களால் சூறையாடப்பட்டு, இரும்புக்கால நாணயங்கள் பொய்யான ஊர்ப் பெயர்களோடு சந்தைக்குப் போயின. அந்த ஆண்டுகளில் சந்தையில் தோன்றிய தென்னிங்கிலாந்து நாணயங்களைப் பரவல் வரைபடத்திலிருந்து விலக்கிவிட்டு ஒருமுறை போட்டுப் பாருங்கள். வடிவம் மாறினால் உங்கள் வாதம் ஆட்டம் காண்கிறது.

அச்சிட்ட ஆண்டும் தொலைத்த ஆண்டும் ஒன்றல்ல. 402-க்குப் பிறகு பிரிட்டனுக்குப் புதுக் காசு வருவது ஏறத்தாழ நின்றது. பழைய காசு சட்டென மாயமாகிவிடவில்லை. ஓரம் நறுக்கப்பட்ட வெள்ளிக் காசுகள் அதன்பிறகும் புழங்கியதைக் காட்டுகின்றன.

ரோமானிய நாணயங்களை இடத்துக்கு இடம் ஒப்பிட நாணய ஆய்வாளர் ரிச்சர்ட் ரீஸின் 21 காலப்பகுதிகளைப் பயன்படுத்துங்கள்; பிஏஎஸ் பதிவிலும் அந்த எண் இருக்கும். ஒரு காலப்பகுதியின் நாணயங்களை மொத்தத்தால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கி, பிரிட்டன் சராசரியோடு வைத்துப் பார்க்க வேண்டும். 260–275-க்கான 13-ஆம் பகுதியும் 330–348-க்கான 17-ஆம் பகுதியும் எங்கும் உயர்ந்தே நிற்கும். அது உங்கள் ஊரின் சிறப்பு அல்ல. 20-க்கும் குறைவான நாணயம் உள்ள இடத்துக்கு இந்தக் கணக்கே வேண்டாம்.

## அருகருகே

| | பிஏஎஸ் | எச்இஆர் | அகழாய்வு அறிக்கை | நாணயத் தொகுப்பு |
|---|---|---|---|---|
| காலி இடத்தின் பொருள் | தேடவில்லை, அல்லது பதியவில்லை | யாரும் எழுதி வைக்கவில்லை | பெரும்பாலும் உண்மையிலேயே இல்லை | காசு புழங்கவில்லை, அல்லது தெரிவிக்கவில்லை |
| இடத்துல்லியம் | பொதுவில் 1 கி.மீ. | சில மீட்டர் முதல் பாரிஷ் வரை | சென்டிமீட்டர் வரை | பாரிஷ். சிலவற்றில் கவுண்டி மட்டும் |
| காலக்கணிப்பு | வடிவம் | கலவை | அடுக்கு, கார்பன், பானை | அச்சிட்ட ஆண்டு |
| நன்றாகத் தெரிவது | செப்புக் கலவை, வெள்ளி, பொன் | நிலத்தடம், கட்டடம் | எல்லாம், ஆனால் சிறு பரப்பில் | ஆட்சி, வணிகம் |
| நேரச் செலவு | சுத்திகரிப்பு: வாரங்கள் | காத்திருப்பு: வாரங்கள் | வாசிப்பு: மாதங்கள் | நாள்கள் |

## இரண்டைச் சேர்க்கும்போது

லிங்கன்ஷயரின் டார்க்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வைக்கிங் பெரும்படை 872–873 குளிர்காலத்தை அங்கே கழித்தது என்று ஆண்டுக்குறிப்பு ஒரு வரியில் முடித்துவிடுகிறது. முகாம் எங்கே, எவ்வளவு பெரிது என்பதை வெளிக்கொண்டுவந்தது டிடெக்டர்காரர்கள் பல ஆண்டுகளாக ஃபிட்ஸ்வில்லியத்திலும் பிஏஎஸ்ஸிலும் பதிந்தவைதான்: நறுக்கிய வெள்ளி, எடைக்கற்கள், திர்ஹம் எனும் அரபு வெள்ளி நாணயத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகள், நூற்றுக்கணக்கான ஈய விளையாட்டுக் காய்கள். ஏறத்தாழ 55 ஹெக்டேர் பரப்பு. சில மாதங்கள் கூடாரமடித்த படை மண்ணுக்குள் ஆழமான தடம் விடாது. அகழாய்வு அறிக்கையை மட்டும் நம்பியிருந்தால் இது நழுவியிருக்கும். இங்கே கிடைத்த பொருள்களின் சேர்க்கையே பிறகு யார்க்ஷயரின் ஆல்ட்வார்க் போன்ற இடங்களை அடையாளம் காண உரைகல்லானது. திருட்டுக்கு அஞ்சி ஆல்ட்வார்க்கின் பெயரை நெடுநாள் மறைத்து, யார்க் அருகே ஓர் ஆற்றங்கரை இடம் என்றே எழுதிவந்தார்கள். தரவில் மூடுபெயர் தென்பட்டால் காரணம் இதுவாக இருக்கலாம்.

சஃபோக்கின் ரெண்டில்ஷம் எதிர்முனை. 8-ஆம் நூற்றாண்டில் எழுதிய துறவி பீட் அதை அரச இருப்பிடம் என்று குறிப்பிட்டார். 2008 முதல் சுமார் 150 ஹெக்டேரில் முறையான டிடெக்டர் ஆய்வு, பிறகு அகழாய்வு. 2022-இல் 23 மீட்டர் நீள மண்டபத்தின் அடித்தடம் வெளிப்பட்டது. உழவு மண்ணும் அதன் கீழடுக்கும் ஒரே திட்டத்தில் படிக்கப்பட்டதால் விடை முழுமையாயிற்று.

கலக்கும்போது இரட்டைப் பதிவுகளை நீக்குவது தனி வேலை. ஒரே நாணயம் இஎம்சியிலும் பிஏஎஸ்ஸிலும் இருக்கும். ஊர்ப் பெயரை நம்பிப் பொருத்தாதீர்கள், இரண்டிலும் வேறாக எழுதியிருக்கலாம். அரசன், வகை, நாணயம் அடித்தவர் பெயர், கிராமில் இரண்டு தசமம் வரை எடை ஆகியவற்றை வைத்துப் பொருத்தி, ஐயமிருந்தால் படத்தை ஒப்பிடுங்கள். வெள்ளிக் காசின் ஓர உடைவு கைரேகை மாதிரி.

## எந்தக் கேள்விக்கு எது

ஒரு பொருள் வகையின் பரவல்: பிஏஎஸ். ஒரு கிராமம் அல்லது பள்ளத்தாக்கின் கதை: எச்இஆர், பிறகு அது காட்டும் அறிக்கைகள். அரசன், எல்லை, சந்தை: நாணயத் தொகுப்பு. உணவு, வீடு, அன்றாட வாழ்க்கை: அறிக்கைகள் மட்டுமே.

நம் ஊர் மிளகு ரோமானிய பிரிட்டனுக்குப் போன கதையைத் தேடுவோருக்கு இந்த நான்குமே முதலிடம் அல்ல. 1992-இல் சஃபோக்கின் ஹாக்ஸனில் கிட்டத்தட்ட 15,000 நாணயங்களோடு நான்கு வெள்ளி மிளகுச் சிமிழ்கள் கிடைத்தன. பிஏஎஸ் தொடங்குவதற்கு ஐந்தாண்டு முந்தைய கண்டெடுப்பு அது. சிமிழ்களின் முழு விவரத்துக்கு பிரிட்டிஷ் மியூசியத்தின் சொந்தப் பொருள் பட்டியலுக்குப் போக வேண்டும். மிளகு வாங்கிய கணக்கோ ரோமானியர் வடக்கு எல்லையில் கட்டிய ஹேட்ரியன் சுவர் அருகே வின்டொலாண்டாவில் கிடைத்த மர ஏடுகளில் இருக்கிறது.

"இங்கே மக்கள் இல்லை" என்பது உங்கள் வாதமானால், பிஏஎஸ்ஸை மட்டும் வைத்து எழுதவே எழுதாதீர்கள். முழு அகழாய்வுகள் குறைந்தது நான்கைந்தாவது அந்தப் பகுதியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கேள்வியை மாற்றுவது நல்லது.

தலைப்பு ஸ்காட்லாந்தானால் மேலே சொன்ன கணக்கு மாறும். அங்கே கண்டெடுத்த தொல்பொருள் பொன்னானாலும் ஓடானாலும் அரசுக்குரியது, தெரிவிப்பது கட்டாயம், பிஏஎஸ் கிடையாது. பழைய நூல்களில் கேன்மோர் என்று வரும் தேசியப் பதிவு இப்போது ட்ரோவ் டாட் ஸ்காட் என்ற தளத்தில் இருக்கிறது. வடக்கு அயர்லாந்தில் உரிமமின்றித் தொல்பொருள் தேடித் தோண்டுவதே குற்றம் என்பதால், டிடெக்டர் தரவு அங்கே மிகச் சொற்பம். எல்லை தாண்டிய வரைபடத்தில் ஹேட்ரியன் சுவருக்கு வடக்கே புள்ளிகள் சட்டென நின்றுபோனால், அது ரோமானியர் நின்ற இடமா, பிஏஎஸ் நின்ற இடமா என்று பிரித்துப் பார்த்தபிறகே அடுத்த வரியை எழுதுங்கள்.